வாலோடு சேர்ந்து வந்த மணிக்கூண்டு

ஹெல்மர் ஊரில் மார்லிஸ் கிவெலாவுக்குத் தெரியாத ரகசியமே இல்லை என்று சொன்னால், யார் வீட்டில் சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை என்கிற சமாச்சாரங்கள்தான் உங்கள் நினைவுக்கு வரும். அதெல்லாம் எங்களூரில் ரகசியத்தில் சேர்த்தியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கீழ்க்கூடத்தில் காபி ஊற்றும்போது கேக்கோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். இங்கே ரகசியம் என்றால் ஒன்றுதான். குளிர்காலத்தில் கெட்டில் ஏரி உறைந்து பாறையாகக் கிடக்கும்போது, யார் எந்த இடத்தில் ஐஸைத் துளைத்துத் தூண்டில் போடுகிறார் என்பது.

அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஆண்கள் உண்டு. புருஷனிடம் சொல்லாத பெண்களும் உண்டு. மேலத்தெருவில் ஒரு மனிதர் பெரிய பையனுக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டு, சாகும்போது சின்னவனை மட்டும் அருகில் அழைத்து இடத்தைச் சொல்லிவிட்டுப் போனார். வீடு கிடைத்த பெரியவன் இன்றைக்கும் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "எங்க பிடிச்சீங்க?" என்று யாராவது வெளியூர்க்காரன் விவரம் தெரியாமல் கேட்டால், "ஏரியில" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்டால் பதிலே வராது.

கெட்டில் ஏரி சாதாரண ஏரியும் அல்ல. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இருபது மைல். கணக்கில்லாத தீவுகள், சந்து பொந்துகள். வெள்ளைத் துணிக் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு தீவின் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் கடவுளே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மார்லிஸ் கண்டுபிடிப்பாள். ஏனென்றால் அவர்களே அவளைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்வார்கள்.

அதுதான் அவள் பிழைப்பு. மார்லிஸுக்கும் அவள் புருஷன் டென்னிக்கும் கரையோரத்தில் ஒரு தூண்டில் கடை. தூண்டில், நரம்பு, கையுறை, சூடான காபி, எல்லாவற்றுக்கும் மேலாக உயிருள்ள இரைமீன். விரல் நீளம்தான் இருக்கும். அதைக் கொக்கியில் கோத்துப் போட்டால்தான் பெரிய மீன் திரும்பிப் பார்க்கும். மத்தியானத்துக்குள் இரை தீர்ந்துபோனால், அறுபது எழுபது வயது ஆட்கள் மூன்று மைல் ஐஸில் நடந்து கடைக்கு வந்து திரும்புவதாவது! மார்லிஸுக்கு ஃபோன் போடுவார்கள். அவள் இரைமீனைத் தண்ணீரோடு தெர்மோகோல் பெட்டியில் ஊற்றிப் பனிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

நேர் வழியில் போகமாட்டாள். பனியில் தடம் விழுமே! ரெண்டு தீவைச் சுற்றி, ஒரு நாணல் காட்டுக்குள் புகுந்து, போன வழியிலேயே திரும்பாமல் வேறு வழியாக வருவாள். பத்து நிமிஷப் பாதைக்கு முக்கால் மணி நேரம். ஒன்பது குளிர்காலமாக முப்பத்துச் சொச்சம் பேருடைய இடம் அவள் மனதில் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிவைத்ததில்லை. ஆள் என்னவோ வாயாடிதான், ஒரு நிமிஷம் சும்மா இருக்க வராது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் வாயைக் கிளறி யாரும் ஒரு வார்த்தை எடுத்துவிட முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கடை ஒன்று முளைத்தது. விமானம் நிறுத்தலாம், அவ்வளவு பெரிசு. மினியாபொலிஸிலிருந்து வார இறுதியில் வரும் நகரத்து ஜனங்கள் அங்கேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நேராக ஏரிக்குப் போனார்கள். மார்லிஸ் ஈ ஓட்டினாள் என்று சொல்லலாம் என்றால், ஜனவரியில் எங்களூரில் ஈயும் கிடையாது.

"வெளியூர்க்காரங்களுக்கு நம்ம கடை இருக்கிறதே தெரியல. அதான் வினை" என்றான் டென்னி. கடையில் இரைமீன் நீந்தும் நாலு தொட்டிகளின் பம்புகளையும் சுத்தம் செய்வதுதான் அவன் உலகம். அதை விட்டு நிமிர்ந்து அவன் ஒரு வாக்கியம் பேசுவதே அபூர்வம்.

"தெரிய வச்சிட்டாப் போச்சு" என்றாள் மார்லிஸ்.

நூலகத்தில் இலவச வகுப்பு நடந்தது. சிறு கடைக்காரர்கள் ஃபேஸ்புக்கில் எப்படி வியாபாரத்தை வளர்ப்பது என்று நூலகர் கெய்ல் சொல்லிக்கொடுத்தார். கேக் கடைக்காரி ஒருத்தி, நாய்க்கு முடி வெட்டுகிறவள் ஒருத்தி, கழிவுத் தொட்டி சுத்தம் செய்கிற ராய், அப்புறம் மார்லிஸ். நாலே பேர்.

"முதல் பாடம், முகம்" என்றார் கெய்ல். "பொருளைப் படம் எடுத்துப் போட்டா எவனும் பார்க்க மாட்டான். உங்க வாடிக்கையாளரோட முகத்தைப் போடுங்க. உங்ககிட்ட வாங்கினதால அவங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு காட்டுங்க."

"மேடம், என் வாடிக்கையாளரை எங்க நிக்க வச்சு எடுக்கிறது?" என்று ராய் கேட்டார். வகுப்பு அதோடு கால் மணி நேரம் நின்றுபோனது.

மார்லிஸ் அன்று ராத்திரியே கடைக்கு ஒரு பக்கம் திறந்தாள். முதலில் தொட்டியைப் படம் எடுத்துப் போட்டாள். நாலு லைக். அதில் ஒன்று டென்னி. மறுநாள் படம் ஏதும் இல்லாமல், வாயில் வந்ததை எழுதினாள்: "இன்னைக்குப் பூஜ்யத்துக்குக் கீழ இருபத்திரண்டு. மூக்கைக் கடையில குடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் பத்திரமா திருப்பித் தர்றேன்." அதற்கு நூற்று எண்பது பேர் சிரித்திருந்தார்கள். அதற்கப்புறம் விடுவாளா! தினம் காலையில் குளிரின் அளவும் ஒரு நக்கலும். டென்னியின் காலுறையில் ஓட்டை, பம்பில் மாட்டிக்கொண்ட இரைமீனுக்கு நடந்த இறுதிச் சடங்கு, காபி நன்றாக இல்லை என்று சொன்ன மனிதருக்கு ஊற்றிக் கொடுத்த இன்னொரு காபி. பேசுகிற மாதிரியே எழுதினாள். ஒரே மாதத்தில் ரெண்டாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாத ஆட்கள் கடைக்குள் தலையை நீட்டி, "காலுறை ஓட்டை டென்னி நீங்கதானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டென்னி வெட்கப்பட்டுக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் ஒளிவான். வந்தவர்கள் சும்மா போகாமல் ரெண்டு டஜன் இரைமீனும் ஒரு தொப்பியும் வாங்கிப் போவார்கள். மார்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஜோரில்தான் வெர்லின் ஹாகனைப் படம் எடுத்தாள்.

வெர்லினுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருஷம் ஏரிக் கரைச் சாலை முழுக்கத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். கடை திறந்த முதல் நாள் முதல் ஆளாக வந்து வாங்கியவர் அவர். அவர் வாங்குகிறார் என்றுதான் மற்ற பெரியவர்களும் வந்தார்கள். க்ராப்பி மீன் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள இந்த மாவட்டத்தில் ஆள் இல்லை. தட்டையாக, புள்ளி புள்ளியாக, வெண்ணெயில் வறுத்தால் வாயில் கரைகிற மீன். அன்றைக்கு மார்லிஸ் இரை கொண்டுபோனபோது பதினாறு அங்குல க்ராப்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடாரத்துக்கு வெளியே சின்னப் பையன் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடியோ! பதினாறா?"

"அளந்து பாரு! உன் கண்ணால அளந்து பாரு!"

"ஒரு படம் எடுக்கட்டுமா வெர்லின்? என் பக்கத்துல போடுறேன்."

மனிதர் யோசித்தார். அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றி, இருக்கிற நாலு முடியைக் கையால் படிய வாரினார். "என் முகத்தைப் போடு. மீனைப் போடு. மத்ததெல்லாம் உனக்கே தெரியும்" என்றார்.

மார்லிஸுக்குத் தெரியாமல் என்ன? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படத்தை ஒரு மணி நேரம் வெட்டினாள். இடது பக்கம் ஒரு தீவின் நுனி தெரிந்தது, வெட்டினாள். கீழே அவர் வண்டித் தடம், வெட்டினாள். வலது பக்கமும் வெட்டியிருக்க வேண்டும். ஆனால் மீனின் வால் அங்கேதான் இருந்தது. வாலை வெட்டினால் பதினாறு அங்குலம் பன்னிரண்டாகிப் போகுமே! மீன் பிடிக்கிறவருக்கு அதைவிட அவமானம் உண்டா? யாருக்கும் அந்த மனசு வராது, தூண்டில் கடைக்காரிக்கு எப்படி வரும்? வாலை விட்டுவைத்தாள். வால் நுனிக்குப் பக்கத்தில், தூரத்துக் கரையில், பச்சைக் கூரை போட்ட ஒரு மணிக்கூண்டு பொட்டு மாதிரி தெரிந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

படம் பறந்தது. அறுநூறு பேர் பகிர்ந்தார்கள். "என்ன மீனய்யா!" "தாத்தாவோட சிரிப்பைப் பாருங்க!" என்று ஒரே கொண்டாட்டம். மார்லிஸ் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டத்தில் ஒருவன் எழுதினான்: "வாலுக்குப் பக்கத்தில தெரியுறது பைபிள் முகாமோட மணிக்கூண்டுதானே? அப்ப இது கிழக்கு விரிகுடா வாய்." இன்னொருவன் வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தையே ஒட்டி அதில் சிவப்பு வட்டமும் போட்டுவிட்டான். மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டுப் படத்தை நீக்குவதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் வெர்லின் தன் சறுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். நாற்பத்து மூன்று கூடாரங்கள். ஒருவன் பாட்டுப் போட்டிருந்தான். ஒருவன் அடுப்பு மூட்டிச் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். யாருடைய நாயோ வெர்லினைப் பார்த்து, இங்கே உனக்கு என்ன வேலை என்பதுபோல் குரைத்தது. இருபத்தாறு வருஷமாக அவர் ஒருவர் மட்டுமே உட்கார்ந்த இடம் அது.

அவர் திரும்பி வரும் வழியில் கடைக்குள் நுழைந்தார். மார்லிஸ் ஓடிவந்தாள்.

"வெர்லின், சத்தியமா நான் கவனிக்கல. அந்த வால்... வாலை வெட்ட மனசு வரல. நான் ஒரு முட்டாள். என்னைத் திட்டுங்க. நல்லா திட்டுங்க!"

"பரவாயில்லம்மா" என்றார் வெர்லின். ஒரு காபியை ஊற்றிக் குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்தார். "வரட்டுமா" என்று போய்விட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரியாதவர்கள், சரி, மன்னித்துவிட்டார் என்று நினைப்பார்கள். மண்ணாங்கட்டி! இங்கே கோபம் வந்தால் கத்துவார்கள். ரொம்பக் கோபம் வந்தால் பேச மாட்டார்கள். மனசு விட்டுப்போய்விட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். அந்த 'பரவாயில்லம்மா'வைக் கேட்ட மார்லிஸ், அவர் கழுவிவைத்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினாள்.

அன்றிலிருந்து ஃபோன் அடிக்கவில்லை. வெர்லினுடையது மட்டுமல்ல, ஒருத்தருடைய ஃபோனும் வரவில்லை. பெரியவர்கள் கடைக்கு வந்தார்கள், சிரித்தார்கள், குளிரைப் பற்றிப் பேசினார்கள், கூடுதலாக ஒரு டஜன் இரைமீனைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார்கள். "தீர்ந்துபோச்சுன்னா கூப்பிடுங்க, கொண்டு வந்து தர்றேன்" என்று மார்லிஸ் கெஞ்சினால், "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார்கள். எல்லாரும் அவ்வளவு மரியாதை. இதற்குக் கன்னத்தில் ரெண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

எலுமிச்சை கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி ஆர்டிஸ்தான் கதவைத் திறந்தார்.

"உள்ள வா, உள்ள வா, குளிர் வருது. அவர் கீழ இருக்கார். தூங்குறார்னு சொல்லச் சொன்னார்."

"தூங்குறாரா?"

"எங்க தூங்குறார்? ரேடியோ சத்தம் கேக்குதே, கேக்கல?" ஆர்டிஸ் கேக்கை வாங்கி மோந்து பார்த்தார். "நல்லா வந்திருக்கு. நீ போயிட்டு வா மார்லிஸ். கொஞ்ச நாள் ஆகட்டும். நாலு நாளா அந்த மனுஷன் வீட்டுல அடைஞ்சு கிடந்து என் உயிரை வாங்குறார். எனக்கும் அவர் ஏரிக்குப் போனா தேவலை."

மார்லிஸ் வீட்டுக்கு வந்து அழுதாள். பக்கத்தை மூடிவிடுவதாக டென்னியிடம் சொன்னாள்.

"மூடிட்டு? சனிக்கிழமை வர்ற ஆளுங்கள்லாம் அதைப் பார்த்துட்டுத்தான வர்றாங்க."

"வந்து என்ன? படம் எடு, படம் எடுன்னு நிக்கிறாங்க. எடுத்துப் போட்டா இன்னும் யாரோட குடி கெடப் போகுதோ."

டென்னி எழுந்து பின்னறைக்குப் போய், பத்து நிமிஷம் எதையோ உருட்டிவிட்டு, ஒரு குளியலறைத் திரையோடு வந்தான். பழைய சரக்கு. நீலக் கடல், மஞ்சள் மணல், ரெண்டு தென்னை மரம், ஒரு பச்சைக் கிளி. அதைக் கடையின் சுவரில் ஆணியடித்து மாட்டினான்.

"மீனை இங்க எடுத்துட்டு வரச் சொல்லு. இதுக்கு முன்னாடி நிக்க வச்சு எடு. எவன் கண்டுபிடிக்கிறான்னு பார்ப்போம்" என்றான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் பேசிய பேச்சில் நீளமானது அதுதான்.

மார்லிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சனிக்கிழமையே டுலூத்திலிருந்து வந்த ஒரு பல் டாக்டர், கண் மட்டும் தெரிகிற குளிர்க் கோட்டும் முழங்கால் உயரப் பூட்ஸுமாக, உறைந்துபோன ஒரு க்ராப்பியைப் பிடித்துக்கொண்டு தென்னை மரத்தடியில் நின்றார். "இடம்: கெட்டில் ஏரியில் கிளி உட்கார்ந்திருக்கும் தென்னைக்கு வலது பக்கம்" என்று மார்லிஸ் எழுதினாள். கீழே இன்னொரு வரியும் சேர்த்தாள்: "இந்தக் கடையில் இடம் விற்பனைக்கு இல்லை. இரைமீன் உண்டு."

அவ்வளவுதான். அந்தத் திரைக்கு வந்த யோகம்! தென்னை மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகவே ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தார்கள். மீன் கிடைக்காதவர்கள் கையில் வெறும் இரைமீனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு புது ஜோடி கல்யாண உடுப்போடு வந்து நின்றது. நெடுஞ்சாலைக் கடையில் வேலை பார்க்கிறவனே ஒருத்தன் விடுமுறை நாளில் வந்து நின்றான். மார்லிஸ் அவனுக்குப் பெரிதாக ஒரு காபி ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கெய்ல் அடுத்த வகுப்பில் பேச அவளையே கூப்பிட்டார்.

ஆனாலும் வழக்கமாக ஃபோன் அடிக்கிற பதினொன்றரை மணி ஆனால் மார்லிஸின் கண் தானாகச் சுவர் ஃபோனுக்குப் போகும். கடை நிறையக் கூட்டம் இருக்கும், அந்தக் கருமம் பிடித்த ஃபோன் மட்டும் செத்துக் கிடக்கும். பனிவண்டியின் இருக்கையில் ஒரு சாண் பனி ஏறியிருந்தது.

"வியாபாரம்தான் நல்லா நடக்குதே" என்றான் டென்னி.

"நடக்குது. ஒன்பதாயிரம் பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. இந்த ஊர்ல ஒருத்தர்கூட என்னை நம்பல டென்னி. அது எனக்குத் தாங்கல."

ரெண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்று, "நம்ம இடத்தை வெர்லினுக்குக் குடுக்கப் போறேன்" என்றாள்.

டென்னியின் கையிலிருந்து பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது.

ஆமாம், அவர்களுக்கும் ஒரு இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ரெண்டு பேரும் போய் உட்காருகிற இடம். டென்னியின் அப்பா அவனுக்குச் சொன்னது. மோதிரம் வாங்க வழியில்லாத காலத்தில், மார்லிஸிடம் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டபோது அவன் அவளுக்குக் கொடுத்தது அந்த இடம் ஒன்றைத்தான்.

"நம்ம இடத்தையா?"

"அவரோட இடத்தை நான்தான அழிச்சேன்? கேக்கைக் குடுத்தா சரியாப்போச்சா? ஒரு இடத்துக்கு இன்னொரு இடம்தான் ஈடு."

டென்னி தண்ணீருக்குள் கையை விட்டுப் பிரஷைத் தேடினான். ரொம்ப நேரம் தேடினான். கண்டுபிடித்து, உதறி, மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

"சொல்றதுன்னா முழுசா சொல்லு" என்றான் திரும்பிப் பார்க்காமல். "வடக்கு முனையில இருந்து எத்தனை எட்டு, எத்தனை அடி ஆழம், எல்லாத்தையும் சொல்லு. பாதி சொல்லிப் பாதி மறைக்காத."

மார்லிஸ் அவன் ஈர முதுகோடு முகத்தை வைத்து அழுத்தினாள். அவனை நினைத்து அவளுக்கு அப்படிப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் கீழ்க்கூடத்தில் காபியும் கையுமாக நின்றார்கள். வெர்லின், கோட்டுகள் மாட்டியிருக்கும் மூலையில் தனியாக நின்றிருந்தார். மார்லிஸ் நேராகப் போய் அவர் எதிரில் நின்றாள். அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"இன்னைக்குக் காத்து கம்மி" என்றார்.

"வெர்லின், காத்தை விடுங்க. நான் ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளுங்க." அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அந்த இடத்தைச் சொன்னாள். எந்த ரெண்டு தீவுக்கு நடுவே, எந்த முனையிலிருந்து எத்தனை எட்டு, எவ்வளவு ஆழம், அடியில் பாறை எங்கே முடிகிறது, சாயங்காலம் எத்தனை மணிக்குப் பெரிய க்ராப்பிகள் மேலே வரும், எல்லாவற்றையும் சொன்னாள். டென்னி சொன்னபடி எதையும் மறைக்கவில்லை. "எங்களோட இடம். டென்னி அப்பா காலத்துல இருந்து இருக்கிறது. இனிமே உங்களுது. நாங்க அந்தப் பக்கமே வர மாட்டோம்."

வெர்லின் கோப்பையில் கரண்டியைப் போட்டுக் கலக்கினார். அவர் காபியில் சர்க்கரையே போடுவதில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த இடம். உங்க இடம். தபால் வண்டி ஓட்டினேன்ல? கரைச் சாலை மேட்டுல இருந்து பார்த்தா டென்னியோட தடம் தெரியும். நீ இந்தத் தீவைச் சுத்து, அந்தத் தீவைச் சுத்துன்னு சுத்திக்கிட்டுத்தான் போவ. டென்னி நேராப் போயிடுவான்." அவர் உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "பதினாறு வருஷமா தெரியும்."

மார்லிஸ் குரலைத் தாழ்த்துவதையே மறந்துபோனாள்.

"பதினாறு வருஷமா? அது எவ்வளவு நல்ல இடம்னு தெரியும்ல உங்களுக்கு?"

"உங்க இடத்துல பெரிசு கிடக்குன்னு தெரியாமலா? எனக்குத்தான் வாய் ஊறும்."

"அப்புறம் ஏன் ஒருநாள்கூட அங்க வந்து தூண்டில் போடல? உங்க இடம் போனப்புறம்கூட, இந்த ஒரு மாசமா, வீட்டுல அடைஞ்சு கிடந்தீங்களே. ஏன் வரல?"

வெர்லின் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்க எங்கிட்ட சொல்லலையேம்மா" என்றார்.

மார்லிஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கோட்டுகளுக்கு நடுவே முகத்தை மறைத்துக்கொண்டு, யாருடைய கம்பளிக் கோட்டின் கையிலோ மூக்கைச் சிந்தினாள்.

"ஏய், ஏய், அழாத. பாஸ்டர் பார்க்கிறார். அது அவரோட கோட்டு" என்று வெர்லின் பதறினார். அவள் அழுகையை நிறுத்துவதாக இல்லை. மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"இந்தா பாரு, இடத்தை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேண்டாம். நான் போன புதன்கிழமை புதுசா ஒரு இடம் பார்த்திருக்கேன். ஆர்டிஸுக்கே சொல்லல. நாளைக்குப் பதினொன்றரை மணிக்கு ரெண்டு டஜன் கொண்டு வா. சுத்திட்டு வா, டென்னி மாதிரி நேரா வந்து தொலைக்காத."

"எங்க?" என்றாள் மார்லிஸ், அழுகைக்கு நடுவே.

வெர்லின் ஒரு தரம் கூடத்தைப் பார்த்தார். குனிந்து அவள் காதில் சொன்னார். எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ரெண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன், எனக்கே கேட்கவில்லை. மறுநாள் மார்லிஸிடம் நைசாக விசாரித்தும் பார்த்தேன். "ஏரியில" என்றாள்.